மீன் வண்டிக்கு எஃப்சி: தேதி வரும்போதா, தடைக்காலத்துலயா, வேலைய எங்க பாக்குறது

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், அங்கிட்டு தொண்டி, இங்கிட்டு கீழக்கரை ஏர்வாடின்னு கடலோரத்துல லோடு வண்டி வச்சிருக்க எல்லாருக்கும் வருஷா வருஷம் வர்ற குழப்பந்தான் இது. எஃப்சிக்கு (வண்டி ஓட்டத் தகுதின்னு ஆர்டிஓ ஆபீஸ்ல பாத்துக் குடுக்குற சான்று) எப்ப காட்டலாம், வேலைய எங்க குடுக்கலாம், நம்மளே போவமா புரோக்கர்ட்ட விட்ருவமா. மதுரைலயோ திருச்சிலயோ இருக்கவங்க சொல்ற யோசனை நமக்கு பாதிதான் ஒத்து வரும், ஏன்னா அவங்க வண்டி உப்புக் காத்துல நிக்கிறதில்ல, அதோட பாடிக்குள்ள ஐஸ் தண்ணி ஒழுகிக்கிட்டு ஓடுறதும் இல்ல.

சட்டத்த சுருக்கமா சொல்லிர்றேன். வாடகைக்கு ஓடுற வண்டி, லோடு வண்டி, ஆட்டோ, வேன் இதுக்கெல்லாம் புதுசுல 2 வருஷத்துக்கு எஃப்சி இருக்கும், வண்டிக்கு 8 வயசு ஆகுற வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒருக்கா காட்டணும், 8 தாண்டிட்டா வருஷா வருஷம். சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்க காரு பைக்குக்கு 15 வருஷம் ஆர்சி (பதிவுச் சான்று) ஓடும், அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒருக்கா வண்டிய காட்டி புதுப்பிக்கணும். எஃப்சி இல்லாத வண்டிய சட்டம் பதிவே இல்லாத வண்டி மாதிரிதான் பாக்குது (மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 56), அதனால பிடிச்சா பிரிவு 192 ல முதல் தடவைக்கே 2000க்கு குறையாம 5000 வரைக்கும் போகும். அபராதத்த கூட கட்டிரலாம், ஆனா எஃப்சி முடிஞ்ச வண்டி எங்கயாச்சும் மோதிருச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் முதல்ல கேக்குறது அந்தத் தேதியத்தான், அது இல்லன்னா அடிபட்டவங்களுக்குக் குடுக்குற பணத்துக்கு நம்ம சொத்துதான் பதில் சொல்ல வேண்டி வரலாம். ரெண்டு நாள்தானேன்னு மட்டும் ஓட்டாதீங்க, கை கூப்பி கேட்டுக்கிறேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நம்ம பக்கம் எஃப்சி வேலைன்னா முக்காவாசி துரு வேலைதான். பெட்டில இருந்து ஐஸ் உருகி வழியிற தண்ணி வெறும் தண்ணி இல்ல, மீன் ரத்தமும் உப்பும் கலந்தது. அது பாடி தகட்டு இடுக்கு வழியா இறங்கி அடிச்சட்டத்துக் குறுக்குக் கட்டையான கிராஸ் மெம்பர் மேல நிக்கும், அங்க இருந்து பட்டை செட்டு (ஸ்பிரிங்), ஷேக்கிள், யு போல்ட், பிரேக் பைப்பு, ஹேண்ட் பிரேக் கேபிள்னு ஒவ்வொன்னா தொட்டுக்கிட்டே போகும். மேல பாத்தா பெயின்ட்டு பளபளன்னு இருக்கும், அடியில படுத்து ஸ்குரூ டிரைவர வச்சு குத்துனா பொலபொலன்னு அப்பளம் மாதிரி உதிரும். பாம்பன் பழைய ரயில் பாலம் 1914 ல இருந்து நின்னுச்சு, அதோட தூக்குப் பாலத்தையே துரு தின்னுதான் 2022 டிசம்பர்ல ரயில நிப்பாட்டுனாங்க, நம்ம குட்டியானை வண்டி தகடு எம்மாத்திரம்.

துருவுல ரொம்ப பேரு கவனிக்காத இடம் ஒன்னு இருக்கு, சேஸிஸ் (அடிச்சட்டம்) நம்பர் பொறிச்ச இடம். ஆய்வு அன்னைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் அந்த நம்பர ஆர்சியோட ஒத்துப் பாப்பாரு, பேப்பர வச்சு பென்சில தேச்சு அச்சும் எடுக்கணும். உப்புல ஊறுன வண்டில அந்த எழுத்து மேல செதில் செதிலா துரு ஏறிரும், நம்ம ஆளு அவசரத்துல கம்பி பிரஷ்ஷோ கிரைண்டரோ போட்டுத் தேச்சான்னா எழுத்தும் சேந்து போயிரும். நம்பர் தெரியலன்னா அனுமதி வாங்கி மறுபடி பொறிக்கிற வேலை, அது வாரக் கணக்குல இழுக்கும், வண்டி மேலயே சந்தேகம் வரும். மண்ணெண்ணெய் தொட்ட துணிய வச்சு ஊற விட்டு மெல்லத் துடைங்க, காஞ்சதும் கிரீஸ் தடவி மேல ஒரு டேப்ப ஒட்டி விட்ருங்க, அடுத்த வருஷம் பிரிச்சா அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கும்.

இவ்வளவு ஏன் சொல்றேன்னா, எஃப்சிக்கு எப்ப காட்டுறதுன்னு யோசிக்கிறவங்க ரெண்டு வேலைய ஒன்னாப் போட்டு குழப்பிக்கிறாங்க. ஆய்வு ஒரு காலை நேரத்து சோலி. துரு வேலை அப்படி இல்ல, கழுவணும், காய விடணும், சொரண்டணும், வெல்டிங் வைக்கணும், ரெட் ஆக்சைடு (துரு தடுக்கிற அடிப் பூச்சு) அடிக்கணும், அது காயணும், அப்புறம் பெயின்ட். ஆய்வுக்கு ஆர்சில இருக்க தேதி இருக்கு, துருவுக்கு நம்ம பக்கம் வேற தேதி இருக்கு, அது விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலம். ரெண்டையும் பிரிச்சு யோசிச்சா பாதி குழப்பம் தீந்துரும்.

விசைப்படகு லோடு ஓட்டுறவங்களுக்கு ஏப்ரல் 15 ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் வண்டி எப்படியும் சும்மாதான் நிக்கும். முன்னாடி 45 நாளா இருந்துச்சு, 2017 ல இருந்துதான் 61. படகெல்லாம் கரையேத்தி மராமத்து பாக்குற நேரம், வண்டிக்கும் அதே நேரம்தான் சரி. வெயிலு நல்லா அடிக்கும், வெல்டிங்கும் பெயின்ட்டும் ஒரே நாள்ல காயும், டிரைவருக்கும் வேற ஓட்டம் இருக்காது. ஆனா 61 நாள் இருக்கேன்னு அசந்து உக்காந்துறக் கூடாது. மே மாசம் பள்ளிக்கூட வண்டிங்களுக்கு கூட்டு ஆய்வு வரும், 2012 சிறப்பு விதிக்கு அப்புறம் ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பஸ்ஸையும் வேனையும் பாத்துத்தான் அனுப்பணும், அதனால மே பாதிக்கு மேல எந்த ஆர்டிஓ மைதானத்துலயும் மஞ்சள் வண்டி வரிசைதான், இன்ஸ்பெக்டர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. வேலைய ஏப்ரல் கடைசில ஆரம்பிச்சு மே முதல் வாரத்துக்குள்ள முடிக்கிறதுதான் நல்லது. இன்னொரு காரணமும் இருக்கு, வைகாசி பிறந்துட்டா கச்சான் காத்து (மேக்க இருந்து வர்ற காத்து) பிடிச்சிரும், அதுல திறந்த வெளில வச்சு பெயின்ட் அடிச்சீங்கன்னா அப்படியே மண்ண அள்ளி அப்புன மாதிரி ஆயிரும். ஷெட்டு உள்ள இடமா இருந்தாத்தான் அப்ப அடிக்கணும்.

ஆனா எல்லாருக்கும் தடைக்காலம் ஒத்து வராது. நாட்டுப்படகு, வல்லம் இதுக்கெல்லாம் அந்தத் தடை கிடையாது, விசைப்படகு போகாத அந்த ரெண்டு மாசம்தான் நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை, அந்த லோடு ஓட்டுறவங்க வண்டிய அப்ப ஷெட்டுல ஏத்துனா வருஷத்து வருமானத்தையே விட்ட மாதிரி. அவங்களுக்கு நான் புரட்டாசியச் சொல்லுவேன். கவிச்சி சாப்பிடாத மாசம், உள்ளூர் மார்க்கெட்ல மீன் விலை படுத்துரும், பெரிய மழை இன்னும் இறங்கியிருக்காது, வெயில் இருக்கும். கார்த்திகைலயும் மாலை போடுறதால விலை இறங்கும்தான், ஆனா அது அடைமழை, வெல்டிங் வச்ச இடத்துல அன்னைக்கு ராத்திரியே துரு பூத்துரும். இதுலயும் ஒன்னு பாத்துக்கங்க, நண்டு, இறால், கணவாய்னு கம்பெனிக்கு ஏத்துறவங்களுக்கு புரட்டாசி கணக்கெல்லாம் கிடையாது, வெளிநாட்டுக்குப் போற சரக்குக்கு விரதம் தெரியாது, அவங்க தடைக்காலத்துலயே முடிச்சுக்கிறதுதான் சரி.

ராமேஸ்வரத்துல ஆட்டோ, டூரிஸ்ட் வேன் வச்சிருக்கவங்க கணக்கு முழுசா வேற. கோடை லீவு முழுக்க யாத்திரைக் கூட்டம், அப்புறம் ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, ஐயப்ப சீசன், தை அமாவாசைன்னு ஒன்னு மாத்தி ஒன்னு வரும். இடைவெளின்னு பாத்தா ஸ்கூல் திறந்த ஜூன் பாதில இருந்து ஆடி அமாவாசைக்கு முன்னாடி வரைக்கும்தான் கிடைக்கும், அப்ப ஆர்டிஓ மைதானத்துல ஸ்கூல் வண்டிக் கூட்டமும் ஓஞ்சிருக்கும். அவங்களுக்கு துரு வேலையும் கம்மி, ஐஸ் தண்ணி கிடையாதுல்ல.

சரி, ஆர்சில தேதி நவம்பர்ல இருக்கு, வண்டி விசைப்படகு லோடு, என்ன பண்றது. சிலர் எல்லாத்தையும் நவம்பர்லயே வச்சுக்கிறாங்க, மழைக்குள்ள தார்ப்பாய கட்டிக்கிட்டு வெல்டிங், பெயின்ட் காயாம ரெண்டு நாள் மூணு நாள்னு வண்டி நிக்கும். இன்னும் சிலர் தடைக்காலத்துல எதையும் தொடாம, தேதி நெருங்குனதும் மேல மட்டும் ஒரு கோட்டு அடிச்சு காட்டிட்டு வந்துர்றாங்க, அடியில துரு அப்படியே தின்னுக்கிட்டு இருக்கும். நான் சொல்றது, கனமான வேலை எல்லாம் மே முதல் வாரத்துக்குள்ள முடிச்சுருங்க, நவம்பருக்கு பிரேக், லைட்டு, ஒளிர் பட்டை, டச் அப் மட்டும் மிச்சம் வைங்க. அது ஒரே நாள் வேலை, மழைலயும் பாக்கலாம். விசைப்படகு திங்கள், புதன், சனின்னு முறை வச்சு போறதால இடையில லோடு இல்லாத நாள் வரும், அதுலயே முடிச்சுறலாம்.

தேதி ஜூன் கடைசில ஜூலைல இருந்துச்சுன்னா தடைக்காலத்துக்குள்ளயே முந்திக் காட்டுறது லாபம், ஏன்னா தடை முடிஞ்ச கையோட வர்ற இறால் சீசன்ல வண்டிய நிறுத்த யாருக்கும் மனசு வராது. முந்துறதுக்கு முன்னாடி, புது எஃப்சிய எந்தத் தேதில இருந்து போடுவாங்கன்னு கவுன்டர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, சில நாள் கழியிற மாதிரி இருந்தாலும் சீசன்ல ஒரு வாரம் வண்டி நிக்கிறதோட ஒப்பிட்டா அது பெரிசில்ல. தேதி ஏப்ரல்ல முடியுது, வண்டி எப்படியும் ஓடாது, ஜூன்ல காட்டிக்கலாம்னு விடுறவங்களும் உண்டு, அத மட்டும் செய்யாதீங்க. 2022 ஏப்ரல் 1 ல அமலுக்கு வந்த மத்திய அரசு கட்டண அட்டவணைலயே தாமதத்துக்கு நாளுக்கு 50 ரூபான்னு போட்டுருந்துச்சு, ரெண்டு மாசம் விட்டா கூட்டிப் பாருங்க. அதோட எஃப்சி முடிஞ்ச வண்டியத்தான் ஒர்க்‌ஷாப்புக்கும் ஆய்வுக்கும் ஓட்டிட்டுப் போகணும், வழியில என்னமும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?

கட்டணம் எவ்வளவுன்னு யாராச்சும் வாயால சொன்னத நம்பி பணத்த எண்ணி குடுக்காதீங்க. 2025 நவம்பர்ல மத்திய அரசு வண்டி வயசுக்கு ஏத்த மாதிரி கட்டணத்த மாத்தி அறிவிச்சிருக்கு, முன்ன 15 வருஷத்துக்கு மேலதான் ஏறும், இப்ப 10 தாண்டுனதுமே ஏற ஆரம்பிக்குது. மத்திய அரசோட பரிவாகன் இணையதளத்துல வண்டி நம்பரப் போட்டா என்ன தொகை காட்டுதோ அதுதான் கணக்கு. பழைய வண்டி வச்சிருக்கவங்க இன்னும் எத்தனை வருஷம் இத ஓட்டலாம்னு முடிவு பண்றதுக்கும் அந்தத் தொகைய ஒருக்கா பாத்துக்கிறது நல்லது.

அடுத்தது எங்கன்னு பாப்போம். ஆய்வு எங்கங்கிறதுல நம்ம விருப்பத்துக்கு இடம் ரொம்ப கம்மி. ஆர்சி எந்த ஆபீஸ் கணக்குல இருக்கோ அதுதான் முதல் இடம், டிஎன் 65ன்னா ராமநாதபுரம், இல்ல பரமக்குடி யூனிட் ஆபீஸ். வேற ஊர்ல காட்டணும்னா முதல்ல தாய் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போங்க. மதுரைலயோ காரைக்குடிலயோ செகண்ட் ஹேண்டுல வாங்கிட்டு பேரே மாத்தாம ஓட்டுறவங்க நம்ம பக்கம் நிறைய, அவங்களுக்கு எஃப்சி வந்தாத்தான் பழைய ஓனர் நம்பர தேட வேண்டி வரும், ஓடிபி அவரு போனுக்குப் போகும், அவரு சவுதில இருப்பாரு. வாங்குன மாசமே பேரையும் முகவரியையும் நம்ம பக்கம் மாத்திக்கிறது எவ்வளவோ மேல். ராமேஸ்வரத்துல இருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் பக்கம், காலைல வெள்ளன கிளம்புனா போயிட்டு மதியத்துக்குள்ள திரும்பிறலாம், மதுரைன்னா 170, ஒரு முழு நாளும் டீசலும் போச்சு.

தானியங்கி சோதனை நிலையத்துக்கு மாறச் சொல்லி மத்திய அரசு சொல்லிக்கிட்டே இருக்கு, ஸ்லாட் போடும்போது அந்த மாதிரி இடம் காட்டுச்சுன்னா தயாரிப்பு கொஞ்சம் கூடவே வேணும். அங்க வண்டிய ரோலர் மேல ஏத்தி ஒவ்வொரு சக்கரத்துக்கும் பிரேக் எவ்வளவு பிடிக்குதுன்னு மெஷினே அளக்கும். நம்ம வண்டில வழக்கமா ஒரு பக்கத்து வீல் சிலிண்டர் உப்புல இறுகிப் போயி பிரேக் ஒரு பக்கமா இழுக்கும், ஓட்டிப் பாக்குறவருக்கு அது லேசாத் தெரியும், மெஷினுக்கு நம்பரோட தெரிஞ்சுரும்.

வேலைய எங்க குடுக்குறதுங்கிறதுதான் நம்ம கைல இருக்கு. உள்ளூர் ஷெட்டு, ராமநாதபுரம், மதுரை இந்த மூணுல உள்ளூர் மெக்கானிக்குக்கு உப்பு எங்க தின்னும்னு கண்ண மூடிட்டுத் தெரியும், அது பெரிய பலம். மதுரைல சாமான் விலை கம்மி, எந்த பார்ட்டு கேட்டாலும் அன்னைக்கே கிடைக்கும், ஆனா அடித் தகடு இப்படி போயிருக்கிறதப் பாத்துட்டு மொத்தமா மாத்திறலாம்னு சொல்லிருவாங்க, டிரைவர் பேட்டா, தங்குற செலவு எல்லாம் சேந்துரும். என் முடிவு, சாமான மதுரைல இருந்து வரவழைச்சு வேலைய இங்கயே பாக்குறது. ஐஸ் பெட்டிக் கூண்டே புதுசா கட்டணும், இல்ல மெயின் சேஸிஸ்லயே ஓட்டை விழுந்துருச்சுன்னா மட்டும் வெளியூர் போங்க, மெயின் பார்ல கண்டபடி வெட்டி ஒட்டுற வேலை உயிரோட விளையாடுறது. வெல்டிங் எங்க வச்சாலும் பேட்டரி டெர்மினல கழட்டிட்டுத்தான் வைக்கணும்னு நின்னு சொல்லுங்க, பிஎஸ் 6 வண்டில அத மறந்தா கம்ப்யூட்டர் பாக்ஸ் போயிரும்.

இதவிட முக்கியமா நான் நினைக்கிறது வண்டிய எங்க கழுவுறதுங்கிறது. நம்ம ஜில்லாவுல முக்காவாசி போர்த் தண்ணி உப்பு. அந்தத் தண்ணிய பிரஷர்ல அடிச்சு கழுவிட்டு அப்படியே ரெட் ஆக்சைடு அடிச்சா உப்ப உள்ள வச்சு மூடுனதாத்தான் அர்த்தம், ஆறு மாசத்துல பெயின்ட்டோட சேந்து பொக்கைப் பொக்கையா எழும்பும். வாட்டர் சர்வீஸ்ல விடுறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு எடுத்து நாக்குல வைங்க. கரிச்சா வேற இடம் பாருங்க, இல்லாட்டி கழுவி முடிச்சதும் கடைசியா ஒரு தடவையாவது நல்ல தண்ணி விலைக்கு வாங்கி அடியில பூரா ஊத்தி அலசுங்க. பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கிற பழக்கம் இருக்கே, அது நல்லா காஞ்ச தகடா இருந்தா கொஞ்ச நாள் காக்கும், ஈரத்து மேல அடிச்சா பிரயோசனம் இல்ல, பிரேக் பக்கமும் ரப்பர் புஷ் பக்கமும் படவே கூடாது, ஆய்வுக்கு முந்துன நாள் அத அடிச்சுட்டு ஒழுக ஒழுக கொண்டு போயி நிறுத்தவும் கூடாது.

புரோக்கரா நேர்லயான்னு கேட்டீங்கன்னா, ஸ்மார்ட் போன் ஓரளவு பழகுனவங்க நேர்ல போறதுதான் நல்லது. பரிவாகன்ல விண்ணப்பம், பணம், ஸ்லாட்டு எல்லாம் போட்டுறலாம், தெரியலன்னா இ சேவை மையத்துல போட்டுக் குடுப்பாங்க. இன்சூரன்ஸ், புகைச் சான்று, ரோடு டேக்ஸ், 7 வருஷம் தாண்டுன வண்டிக்கு பசுமை வரி, பாஸ்டேக், பழைய இ சலான் இதுல ஒன்னு பாக்கி இருந்தாலும் வேலை நின்னுரும், அதனால ஒரு வாரம் முன்னாடியே பாத்துக்கங்க. மொத்த எடை 3000 கிலோவுக்குள்ள உள்ள லோடு வண்டிக்கு பர்மிட் தேவையில்ல, அத வாங்கித் தர்றேன்னு யாராச்சும் தனியா காசு கேட்டா குடுக்காதீங்க. நாலஞ்சு வண்டி வச்சிருக்கவங்க, இல்ல பேப்பர்ல சிக்கல் உள்ளவங்க தெரிஞ்ச ஆள வச்சு செய்றது புரியுது, ஆனா வண்டி வராமயே முடிச்சுத் தர்றேன்னு சொல்ற ஆள்கிட்ட மட்டும் போகாதீங்க. அந்த வண்டில பாம்பன் பாலத்து மேல ராத்திரி ரெண்டு மணிக்கு காத்துல போறது நம்ம வீட்டுப் பிள்ளை.

ஆய்வு அன்னைக்கு பெட்டிய எல்லாம் இறக்கிட்டு வெறும் வண்டியா கொண்டு போங்க, நாத்தம் இல்லாம கழுவிருங்க, அடியில குனிஞ்சு பாக்குறவரும் மனுஷந்தானே. ஒளிர் பட்டை முன்னாடி வெள்ளை, சைடுல மஞ்சள், பின்னாடி சிவப்பு, பாதி உரிஞ்சத புதுசா ஒட்டிருங்க. ஏர் ஹாரன கழட்டிருங்க. டெயில் லைட்டு மங்கலா எரிஞ்சா பல்ப மாத்துறதுக்கு முன்னாடி எர்த் வயர் முனையப் பாருங்க, நம்ம பக்கம் பத்துக்கு எட்டு வண்டில அங்கதான் பச்சைப் பூத்திருக்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியோட கனெக்டரும் அதே கதைதான், சொரண்டி வாசலின் தடவி விடுங்க. ஹேண்ட் பிரேக்க மேட்டுல நிறுத்தி ஒருக்கா போட்டுப் பாத்துருங்க, கேபிள் துருவுல இறுகிட்டா அன்னைக்கு காலைல ஒன்னும் செய்ய முடியாது.

புதுசா வண்டி எடுக்கப் போறவங்களுக்கு ஒன்னு. பதிவு எந்த மாசமோ எஃப்சியும் பெரும்பாலும் அந்த மாசத்தச் சுத்தித்தான் வந்துக்கிட்டு இருக்கும், அதனால விசைப்படகு லோடுக்கு எடுக்கிறவங்க தீவாளிக்கு ஆஃபர் போடுறாங்கன்னு ஐப்பசில எடுக்காம, சித்திரைல பதிவு ஆகுற மாதிரி புக் பண்ணுங்க. ஷோரூம்காரங்க அவசரப்படுத்துவாங்க, நாள் குறிச்சுக் குடுத்து அந்தத் தேதிக்கு முன்னாடி பதிவுக்கு வைக்க வேணாம்னு சொல்லிருங்க, செஞ்சு குடுப்பாங்க.